எட்டு கலர்

கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் நான் அடித்துக்கொண்ட முதல் பெருமை, என் கம்ப்யூட்டரில் எட்டு கலர் வரும் என்பதுதான். முதல் வேலையில் சம்பளம் சேர்த்து வாங்கியது அது. கீபோர்டும் மற்றதெல்லாமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். திரையை மட்டும் நாம் தேடிக்கொள்ள வேண்டும். எங்களிடம் இருந்ததோ கறுப்பு வெள்ளை டிவி. எட்டு கலரும் அதில் எட்டு விதச் சாம்பலாகத் தெரிந்தன. பிறகு கலர் டிவி வந்தபோது, சீரியல் பார்க்கிற பெட்டியில் நான் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் பின் அறை அலமாரிக்குப் போனது. அதற்குப் பிறகு நான் எதற்கு வாக்குக் கொடுத்தாலும், மோட்டாரை நாளைக்கே பார்க்கிறேன் என்றாலும்கூட, "எட்டு கலர் தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

போன பங்குனியில் மகள் பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. பின் அறையை ஒழிக்க வேண்டும். திண்டிவனத்தில் மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து பழைய கலர் மானிட்டர் ஒன்றை அப்போதுதான் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வந்திருந்தேன். மனைவிக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

"சாயங்காலம் பழைய இரும்பு வண்டி வரும். அதுக்குள்ள கலர் வந்தா வெச்சிக்கோங்க. இல்லன்னா ரெண்டும் போவட்டும்" என்றாள்.

கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் வட்டமான சாக்கெட், ஆறு துளை. மானிட்டர் ஒயரின் முனையிலோ ஒன்பது முள். நடுவில் ஒரு ஒயரை நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தாக வேண்டும். அந்த ஆறு துளைகளில் ஒன்றில் நேராக கரண்ட் வரும். அதைத் தவறான முள்ளில் சேர்த்தால் உள்ளே இருக்கும் சிப் போய்விடும். அந்தச் சிப் இன்று எங்கேயும் கிடைக்காது. ஊரைச் சுற்றியிருக்கும் மலைப் பாறையெல்லாம் காய்ந்து எங்கள் தெருவில் அனலடிக்கிற மதியம். காற்று பட்டால் பற்றவைப்பு ஆறிவிடும் என்று ஃபேனையும் நிறுத்தியிருந்தேன்.

வேலை முடிந்து செருகியபோது சாக்கெட் இறுக்கமாக இருந்தது. வயசான சாமான் அப்படித்தான் இருக்கும் என்று அழுத்தினேன். சுவிட்சைப் போட்டேன். மானிட்டர் கீச்சென்று கத்தியது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. படம் நிற்காமல் மேலே ஓடியது. பின்னால் கையை விட்டு ஒரு குமிழை மெல்லத் திருகத் திருக, ஓட்டம் தளர்ந்து நின்றது.

வெள்ளையாக வரவேண்டிய எழுத்து ரோஸாக வந்திருந்தது. நினைவிலிருந்து நாலு வரி புரோகிராம் தட்டி எட்டு கலரையும் பட்டை பட்டையாக வரவழைத்தேன். கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு, நீலம், ரோஸ், மறுபடி அதே இரண்டு.

கை துடைத்துக்கொண்டு வந்து நின்றவள் எண்ணிப் பார்த்தாள். "நாலு தான் இருக்குது. அதுலயும் ஒண்ணு கறுப்பு."

பச்சை வரவில்லை. பச்சை கலக்காவிட்டால் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. சிப்பைச் சுட்டுவிட்டேன் என்றே முடிவு செய்தேன். தெருமுனையில் இரும்பு வண்டிக்காரனின் மைக் கேட்டது. எரிச்சலில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்தேன்.

பச்சைக்கான துளை நிறைய மஞ்சளாக எதுவோ அடைத்து இறுகியிருந்தது. துரு என்று நினைத்து ஊக்கால் கிளறினேன். சந்தனம்.

"இதுல சந்தனத்த எவன் அப்பினது?" என்று கத்தினேன்.

"நான் தான். ஆயுத பூஜைக்கு வெப்பேன். முன்னாடி கட்டை கட்டையா இருக்குது, பின்னாடி வட்டமா தோதா இருந்துச்சி."

வாழ்நாளெல்லாம் என்னைக் கிண்டலடித்தவளே பாதிக் கலரை அடைத்து வைத்திருக்கிறாள். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். "ஓடாத சாமானுக்கு எதுக்குப் பொட்டு?" என்று மட்டும்தான் வந்தது.

"என்னைக்காச்சும் ஓட்டுவேன்னு சொன்னீங்களே" என்றாள்.

துளையைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மறுபடி செருகினேன். இந்த முறை முள் அடிவரை இறங்கியது. மைக் எங்கள் வீட்டருகே வந்துவிட்டது. நிறுத்திய சாமான் திரும்ப உயிர் பெறுமா என்ற பயத்தோடு சுவிட்சைப் போட்டேன். மானிட்டர் கத்தியது, படம் ஓடியது, நின்றது. எழுத்து வெள்ளையாக இருந்தது. அதே நாலு வரியைத் தட்டினேன்.

அவள் திரைக் கண்ணாடியில் விரல் வைத்துக் கறுப்பிலிருந்து எண்ணிக்கொண்டே போனாள். பச்சை வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. எட்டாவதாக வெள்ளையில் முடித்தாள்.

வண்டிக்காரன் வாசலில் குரல் கொடுத்தான். நான் திரையை விட்டு எழவில்லை. அவள்தான் போனாள்.

"போய்ட்டு வாப்பா," என்றது கேட்டது. "அது ஓடுற சாமான்."