நானாகப் போய் மாட்டிக்கொண்ட மாத்திரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கெடாரிலிருந்து வெறுங்காலோடு வந்து திண்டிவனத்தில் சொந்தமாக மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, போட்டேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. என்னை யாரும் எதிலும் கட்டிப்போட முடியாது என்று இறுமாந்திருந்த காலத்தில் இடது கால் வீங்க ஆரம்பித்தது. யானைக்கால்.

விழுப்புரத்தில் அதற்கு ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாதது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை அவருக்கே தெரியாது.

"எனக்கு வெறும் மாவு வந்துட்டா?"

"வரலாங்க. மருந்து வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பாக்கணும். இஷ்டமில்லன்னா எப்ப வேணா நின்னுக்கலாம். யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டேன்.

கடைத்தெரு முழுக்கப் பெருமை அடித்தேன். என் மண்டியில் மூட்டை தூக்கிய கிளியனூர்க்காரருக்கும் அதே வீக்கம். அவருக்குக் காலை நம்பித்தான் சோறு. "நானே போட்டுக்கினு இருக்கேன், உனக்கு இன்னாய்யா பயம்?" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டேன்.

நாள் போனது, கால் இறங்கவில்லை. எனக்கு வந்தது மாவுதான் என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"நிறுத்தித் தொலைங்க. பட்டணத்துல போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

எப்படி நிறுத்துவது? நான் நின்றால் கிளியனூர்க்காரரும் நிற்பார். அவருக்கு வந்தது மருந்தாக இருந்தால்? காலையில் அவர் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

அடுத்த முறை விழுப்புரத்தில் டாக்டரம்மா எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். கிளியனூர்க்காரர் முதலில் போய் வந்தார்.

"நான் நின்னுட்டேன் மொதலாளி."

"ஏன்யா?"

"ஆரம்பத்துலயே நின்னுருப்பேன். மாட்டேன்னா வேலைக்கு வராதன்னுடுவீங்களோன்னு முழுங்கிக்கினு இருந்தேன். எதுக்காவது பயந்துக்கினு வர்றியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"வேலையெல்லாம் போவாதுய்யா."

"அத இப்ப சொல்றீங்க."

நான் உள்ளே போனேன். "நீங்களும் நின்னுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். கிளியனூர்க்காரருக்காக நிற்காமல் இருந்தேன் என்று சொல்ல இனி வழியில்லை. ஆனால் மூட்டைக்காரன் நின்றதும் முதலாளியும் நின்றுவிட்டான் என்று மண்டியில் சிரிப்பார்களே.

"சொன்ன சொல் மாறுறவன் இல்லீங்க நான்" என்று மாத்திரைக்குக் கையை நீட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் கிளியனூர்க்காரர் ஜன்னலில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நான் மாத்திரைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வரை விழித்திருந்தேன்.