துலாவில் ஏறிய நித்திரை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வந்து கேட்டால் என் வீட்டை யாரும் காட்டுவார்கள். பாறை என்று எல்லோரும் கைவிட்ட துண்டு நிலத்தில் வெடி வைத்துக் கிணறு வெட்டியவன் நான். தகப்பன் விட்டுப்போன மண்குடிசை நின்ற இடத்தில் கல்வீடு எழுப்பினேன். புகையிலையைப் புகை போட்டுப் பதப்படுத்த ஒரு குடில் கட்டினேன், அது எரிந்தது. எரிந்த சாம்பலை அள்ளி எறிந்துவிட்டு, அதே இடத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டினேன். சந்தியில் கடை போட்டேன். மாட்டுவண்டி ஓட்டிய கையால் லொறி ஓட்டினேன். இத்தனையும் இரண்டாம் வகுப்புப் படிப்போடு. எழுத்துக் கூட்டி ஒழுங்காக வாசிக்கப் பழகியதே கடை போட்ட பிறகுதான். "உவன் என்னத்தைச் செய்து கிழிக்கப் போறான்" என்று கேட்டவர்கள் என் கடையிலேயே சாமான் வாங்கினார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் செய்தேன். என் அக்காவின் புருஷனை, அத்தானை, துலாவிலிருந்து உயிரோடு இறக்கினேன். அதைப் பற்றி இப்போது வேறு விதமாகக் கதை நடக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய காலம் அது. தண்ணீர் இறைக்கும் மெசின் எங்கள் பக்கம் வரவில்லை. கிணற்றடியில் இரண்டு மரக்கால்கள் நிற்கும். அவற்றின் மேல், தராசுக்கோல் போல, ஒரு நீண்ட மரம் கிடக்கும். அதுதான் துலா. ஒரு நுனியிலிருந்து பட்டை, பனையோலையில் இழைத்த இறைகூடை, கிணற்றுக்குள் தொங்கும். துலாவில் ஏறி நிற்பவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும். திரும்பிப் பின்னே நடந்தால் நிறைந்து மேலே வரும். கிணற்று வாயில் நிற்பவர் அதைப் பிடித்து ஊற்றுவார். தோட்டத்துக்குள் ஒருவர் மண்வெட்டியோடு நின்று, வாய்க்காலை வெட்டியும் அடைத்தும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவார். எங்கள் தோட்டத்தில் அத்தான் துலா மிதித்தார். தண்ணீர் மாற்றியது நான்.

அவர் மிதிப்பதைப் பார்க்கவென்றே வேலியோரம் ஆட்கள் நிற்பார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலைத் தேடித் தேடி வைப்பார்கள். அவர் கையை வீசிக்கொண்டு, கோயில் வீதியில் போகிறவர் மாதிரி நடப்பார். பானை வயிறு வைத்தவர்களும் அவரைப் பார்த்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு நடையை நான் பிறகு எங்கும் காணவில்லை. அவருக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. "கடைசிப் பாத்தியும் நிறைஞ்சுது அத்தான், இறங்கலாம்!" என்று தோட்டத்துக்குள்ளிருந்து என் குரல் வரும்வரை இறங்க மாட்டார். மழை கொட்டினாலும் சரிதான்.

கிணறு பங்குக் கிணறு. என் சொந்தக் கிணறு பிறகு வந்தது. பங்காளிகள் முறை வைத்து இறைப்போம். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை புகையிலை வாடி நிற்கும். அந்தப் பயந்தான் அவருடைய நித்திரைக்குள் போய்க் குந்திக்கொண்டது என்று நினைக்கிறேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நித்திரையில் எழும்பி இருந்து, பாயில் புழுப் பிடுங்கினார். புகையிலை இலையில் பிடுங்குவது போல, அக்காவின் தலைமயிரைக் கோதிக் கோதி இல்லாத புழுவை எடுத்து நசுக்கினாராம்.

"நல்ல காலம் தம்பி, எனக்குப் பேன் இல்லை" என்றாள் அக்கா.

பிறகு அவர் எழும்பி நடக்கத் தொடங்கினார். கண் திறந்திருக்கும், பார்வை இராது. கேட்டால் பதில் வராது. விடிந்ததும் ஒன்றும் ஞாபகம் இராது. அக்கா வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தாள். அவளைக் கடந்து போனார். அவள் கூப்பிட்டுக் குழறவில்லை. பின்னாலே போய், மெல்ல முழங்கையில் தொட்டு, மாட்டைத் திருப்புவது போலத் திருப்பிக் கொண்டுவருவாள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை இரவு அப்படி நடந்தாளோ தெரியாது. காலையில் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. என்னைத் துணிந்தவன் என்பார்கள். அந்தத் துணிவை நான் அவளிடம் கண்டேன்.

ஒருநாள் விடியற்புறம் அவர் துலாவில் ஒரு கால் வைத்தபோதுதான் அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். விஷயம் வெளியே போயிற்று. பங்காளிகளில் மூத்த அண்ணை ஒருவர், வாய் கொஞ்சம் நீளம், கிணற்றடியில் எல்லோர் முன்னும் கேட்டார்.

"என்ன, உன்ரை அத்தான் நித்திரையிலையும் முறை பிடிக்கிறாராம்? எங்கடை தண்ணியையும் சேர்த்துக் கனவிலை இறைச்சுப் போடுவார் போலை."

"கனவிலை இறைச்சால் உங்கடை கிணறு வத்திப்போமோ அண்ணை?"

"பகிடியை விடடா. விழுந்து செத்தால் ஆர் இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறது? சுகம் வருமட்டும் உவர் துலாவிலை ஏறக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அத்தான் அன்று சோறு தின்னவில்லை. "துலாவிலை ஏறாமல் நான் என்னத்துக்குத் தம்பி? கூலிக்கு ஆள் பிடிச்சு இறைக்கிறதெண்டால் தோட்டத்தை வித்துப்போட்டுப் போகலாம்" என்றார்.

பேய் என்று சிலர் நூல் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் தலைக்கு எண்ணெய் கொடுத்தார், வைத்தோம். பிறகு, மலாயாவில் வேலை செய்து ஓய்வுபெற்று வந்திருந்த ஒரு டொக்டரிடம் நான்தான் வண்டி கட்டிக் கூட்டிப்போனேன். தங்கமான மனிதர். முழுவதையும் கேட்டார். "இது பேயுமில்லை, விசருமில்லை. நித்திரையிலை உடம்பு எழும்புது, புத்தி எழும்பேல்லை. நடக்கேக்கை உலுக்கி எழுப்பாதேங்கோ. பயந்து விழுந்திடுவார்" என்றார். படுக்கப்போகும்போது மட்டும் குடிக்கச் சொல்லி ஒரு போத்தல் நித்திரை மருந்தும் தந்தார்.

மருந்து வேலை செய்தது. இரவில் அவர் அசையவில்லை. அத்தானுக்கு அது போதவில்லை. அடுத்த முறைக்குமுன் சுகமாகித் துலாவில் ஏறவேண்டும் என்ற அவசரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் காலையிலும் குடித்தார். புகையிலைக்குத் தண்ணீர் கூடக் கூட விட்டால் கெதியாய் வளரும் என்று நினைக்கிற புதுத் தோட்டக்காரன்கூட அப்படிச் செய்ய மாட்டான். பகலெல்லாம் கண் சொருகிக்கொண்டு திரிந்தார்.

ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் சரிந்தவர் எழும்பி நேரே கிணற்றடிக்குப் போய்த் துலாவில் ஏறிவிட்டார். சுட்டெரிக்கிற வெயில். அக்கா ஓடிவந்தாள், நான் ஓடிவந்தேன், பங்காளிகளும் வந்துவிட்டார்கள். மேலே அவர் நடக்கிறார். அதே கைவீச்சு, அதே நடை. ஆனால் கண்ணில் ஆள் இல்லை. கிணற்று வாயில் யாரும் இல்லை. பட்டை நிறைந்து மேலே வந்து, ஊற்ற ஆளில்லாமல், நிறைந்தபடியே திரும்பக் கிணற்றுக்குள் போனது.

"டேய், உவரைக் கூப்பிடடா! எழுப்படா!" என்று அந்த அண்ணை கத்த வாயெடுத்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"கூப்பிடாதேங்கோ அண்ணை. கும்பிட்டன். ஒருத்தரும் வாய் திறவாதேங்கோ."

ஊரில் ஆண்பிள்ளைக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள் அவள். எல்லோரும் வாயை மூடினார்கள். மூடினார்கள், ஆனால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது. ஏறிப் பிடித்தால் துலா ஆடும். விட்டால் களைத்து விழுவார். கீழே பாறைக் கிணறு.

அப்போதுதான் எனக்குப் பட்டது. இந்த மனிதர் இறைக்கிறார். இறைக்கிறவருக்கு இறங்கு என்று சொல்லும் உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வழக்கமாக நிற்கும் கடைசிப் பாத்தியடியில், வழக்கமாக நிற்கும் மாதிரியே நின்றேன். பதறினால் குரல் மாறிவிடும். ஒருதரம் துப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"கடைசிப் பாத்தியும் நிறைஞ்சுது அத்தான், இறங்கலாம்!"

நடை நின்றது. அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு துலாவின் பின்பக்கம் வந்து, எப்போதும் போலக் காலைத் தொங்கவிட்டு, மெல்ல இறங்கினார். தோளில் இல்லாத துவாயை எடுத்து முகம் துடைத்தார். அக்கா முழங்கையில் தொட்டாள். அவளோடு போய் மாமரத்தடியில் படுத்துவிட்டார்.

அந்த அண்ணை என்னிடம் வந்து, "எப்பிடியடா உனக்கு உது பட்டது?" என்றார்.

டொக்டரிடம் போய் எல்லாம் சொன்னோம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். "அந்தக் குரலை மட்டும் விடாதேங்கோ" என்றார். விடவில்லை. எங்கள் முறை வருவதற்கு முதல் நாள், அத்தான் பாயில் சரிந்ததும், வேலிக்கு அப்பால் நின்று நான் அதே சொல்லைக் கூப்பிடுவேன். நான் சந்தைக்குப் போன நாட்களில் அக்கா கூப்பிட்டாள். எழும்புவது குறைந்து, பிறகு நின்றே போனது. பங்காளிகள் தாங்களாகவே அவரைத் துலாவுக்கு அழைத்தார்கள். மெசின் வரும்வரை அவர் மிதித்தார்.

இப்போது அத்தான் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று கொடுக்க, அவருடைய பிள்ளைகள் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் அவர் கோயில் நேர்த்திக்கடனாலும் இங்கிலீசு மருந்தாலும் அந்த நோயிலிருந்து மீண்டார் என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்கள். பிள்ளைகளே, கோயிலுக்கு ஒரு வரி போடுங்கள், நான் மறிக்கவில்லை. டொக்டருக்கும் போடுங்கள், அவர் அதற்குத் தகுந்தவர். உங்கள் தாய்க்கு ஒரு பக்கமே போடலாம். ஆனால் அந்த மத்தியானம் தோட்டத்துக்குள் நின்று அவரை இறக்கிய குரல் யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். மைத்துனர் என்று மட்டும் போட்டால் காணாது. என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.