பெண் கேட்கப் போன இடத்தில் தெகா சொன்ன சொல்

எங்கள் உகெல்லி ஊர்ச் சந்தைக்குப் பின்னால் முடிவெட்டும் கடை வைத்திருந்த தெகா, கண்ணாடியின் மூலையில் தினமும் ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை எழுதி ஒட்டுவார். பொழுது சாய்வதற்குள் அதை யாரிடமாவது பேச்சில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய விரதம். சவரத்துக்கு வந்தவர்கள் பாதி முகத்தில் நுரையோடு கைதட்டுவார்கள். எங்கள் ஊரில் பெரிய இங்கிலீஷுக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. புரியாவிட்டால் இன்னும் பலமாக.

அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அவர் தம்பி ஒச்சுகோவுக்குப் பெண் கேட்கப் போனபோது, மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளராக அவரையே நிறுத்தினார்கள். தாய் தகப்பன் இல்லாத தம்பி. ரூமே என்ற அந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவன்.

பெண் வீட்டுக் கூடத்தின் நடுவில், மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குக் கொண்டுபோன கோலாக் கொட்டைத் தட்டும் ஜின் புட்டியும் இருந்தன. பெண்ணின் அப்பா புட்டியைத் திறந்தால் சம்மதம். தெகா எழுந்து சொற்களைக் கொட்டினார். கடைசியில் ரூமேயைக் காட்டி, அவள் ஒரு 'கிரெபஸ்குலர்' பெண் என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பெண்ணின் அப்பா இகோரோ மட்டும் தட்டவில்லை.

"சம்பந்தி, எம் பொண்ணை என்னன்னு சொன்னீங்க?"

அன்று காலைதான் மனப்பாடம் செய்த சொல். நல்லதாக ஏதோ ஒன்று என்பது நினைவிருந்தது. என்ன என்பது மறந்துபோயிருந்தது. ஏதோ தோல் வியாதிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்றாள் ஓர் அத்தை. அர்த்தம் தெரியாமல் புட்டி திறக்காது என்றார் இகோரோ. ஒச்சுகோ அண்ணனைப் பார்த்தான்.

தெகா தொப்பியைக் கழற்றினார்.

"மறந்துட்டேன் ஐயா. இவன் முன்னெல்லாம் எப்ப வீட்டுக்கு வருவான்னே தெரியாது. நான் கதவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருப்பேன். இந்தப் பொண்ணோட பழகினதுலேருந்து இருட்டறதுக்குள்ள வந்துடறான். நானும் தூங்கறேன். அதைச் சொல்லத்தான் ஒரு வார்த்தை தேடினேன்."

இகோரோ புட்டியைக் கையில் எடுத்தார். பிறகு வழக்கப்படி மகளிடம், திறக்கலாமா என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா விருந்துச் சூப்பு ஆறியிருக்காதே, சம்பந்தி" என்றபடி புட்டியைத் திறந்தார்.

வீடு திரும்பியதும் தெகா அகராதியைப் புரட்டினார். 'அந்தி வேளைக்கு உரியது' என்றிருந்தது. மறுநாள் கண்ணாடியில் அவர் புதுச் சொல் ஒட்டவில்லை.

ரூமேயை அவள் அத்தைமார் இன்றும் அந்தச் சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.