காற்றுப் புகாத டிரம்மில் ஆடிக் கூழ்

திண்டிவனத்தில் யார் வீட்டுக் குக்கர் ஓரத்தில் ஆவி விட்டாலும் அது கடைசியில் சீனுவாசன் கைக்குத்தான் வந்து சேரும். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்கவேண்டிய அளவுக்கு அவருக்கு ஒரு கடை. அடுப்பு, மிக்ஸி எல்லாம் பார்ப்பார். ஆனால் பெருமையெல்லாம் குக்கரில்தான். "நான் கேஸ்கட் போட்டா எமன் வந்தாலும் உள்ள பூர முடியாது" என்பார். எமனுக்குக் குக்கருக்குள் என்ன வேலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அன்றைய பொழுது உங்களுக்கு அங்கேயே போய்விடும்.

ஒழுங்காகக் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்த இந்த மனுசனைக் கெடுத்தது செல்போன். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு எதையோ தேடப்போய் எதிலோ மாட்டினார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் தன் கார் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்திருந்தான். உள்ளே பழமும் சர்க்கரைத் தண்ணீரும். மூடியில் ஒரு டியூப், டியூபின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள். உள்ளே புளிக்கப் புளிக்க, காற்று பாட்டில் வழியாகக் குபுக் குபுக்கென்று வெளியேறியது. வெளிக்காற்று பொட்டுகூட உள்ளே போகவில்லை. பிறகு அவன் அதைக் கொதிக்கவைத்து, செப்புச் சுருளில் விட்டு வடித்து, ஒரு கிளாஸில் பிடித்துக் குடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சீனுவாசனுக்கு அந்தக் கிளாஸ் கண்ணிலேயே படவில்லை. இருமல் மருந்து குடித்தாலே வாய் கொப்பளிக்கிற ஆள் அவர். அவர் பார்த்தது மூடியை.

"மூடி சரியில்ல. ஓரத்துல காத்து வாங்குது" என்றார். அன்று பிடித்தது பைத்தியம்.

"இன்னா அது?" என்று மனைவி அம்சா எட்டிப் பார்த்தாள்.

"ஹாபி."

"ஹாபின்னா?"

"பொழுதுபோக்கு. வெளிநாட்டுல டாக்டரு, இன்ஜினீயருல்லாம் பண்ணிக்கினு இருக்காங்க."

"நம்மூர்ல பண்ணா போலீசு இட்டுக்கினு போவும். நெனப்புல வச்சிக்குங்க."

அம்சா பக்கத்துப் பெருமுக்கல் ஊர்க்காரி. வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற பரம்பரை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே புருஷனைத் திருவக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வக்கிரகாளியம்மன் எதிரில் நிறுத்தி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்து, சாராயம் வடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். சீனுவாசனும் மனசாரச் செய்தார். புளிக்கவைக்கமாட்டேன் என்று அவள் கேட்க மறந்துவிட்டாள். இவர் எடுத்துக் கொடுப்பாரா என்ன?

ஆக, அவர் பாதி மெஷின் மட்டும் செய்தார். அவசரப்பட்டு வாங்கிவைத்த செப்புக் குழாயை அம்சா பிடுங்கிக்கொண்டுபோய்த் தோட்டத்து அவரைக்காய்க் கொடிக்கு ஊன்றிவிட்டாள். திண்டிவனத்திலேயே செப்புக் கம்பத்தில் படர்ந்த அவரைக்கொடி அது ஒன்றாகத்தான் இருக்கும். காய்க்கவும் செய்தது.

முதலில் தண்ணீர் கேனில் செய்து பார்த்தார். கேன் உப்பி, சாய்ந்து, மாடிப்படி வழியாக அம்சாவின் துணி வாளிக்குள் வந்து இறங்கியது. அப்புறம்தான் பழைய சாமான் கடையிலிருந்து வாய் அகலமான அந்த நீல டிரம் வந்தது. ஊறுகாய் கம்பெனிக்காரன் கழித்துப் போட்டது. மூடியைச் சுற்றி இரும்பு வளையம், வளையத்தை முறுக்க ஒரு போல்ட். லாரி டியூபை வெட்டி, தேய்த்து, அவரே கேஸ்கட் செய்தார். மருந்துக் கடையில் டிரிப்ஸ் ஏற்றுகிற டியூப் வாங்கினார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் கவலையாக விசாரித்ததற்கு, "டிரம்முக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார்.

மார்க்கெட்டில் கழிக்கிற திராட்சை, அன்னாசித் தோல், கொஞ்சம் வெல்லம், இவைதான் சரக்கு. கடை மூடியதும் மொட்டை மாடிக்குப் போய், பாட்டில் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். குபுக் என்கும். இவர் முகம் மலரும். மறுபடியும் குபுக். பெற்ற பிள்ளை பேச ஆரம்பித்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார். சத்தம் நின்றதும் டிரம்மைத் திறந்து, மொத்தத்தையும் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் ஊற்றிவிடுவார். நாக்கில் வைத்துப் பார்த்தது கிடையாது. தென்னை ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்த மரம். தெருவில் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள்.

எதிர்வீட்டுக் கலைமதிக்கு மூக்கு நீளம், நாக்கு அதைவிட. அவள் மாமனார் சுப்பராயலு போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பி, சீனுவாசன் வீட்டு மதில் ஓரமாக நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். "வாசனை இருக்குது. ஆனா கேஸ் நிக்காது" என்று மருமகளிடம் வந்து சொல்வார். அவருக்கு அதில் வருத்தம்தான். கலைமதிக்குக் கேஸ் எதற்கு? ஒரு பேர் போதும். சாராயக்காரன் பொண்டாட்டி என்று அவள் வைத்த பேர் தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்தது.

குழாயடியில் அம்சா வந்தால், "சாராயக்காரன் பொண்டாட்டி வர்றா, கொடத்த நவுத்து" என்பார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் வீடு விசாரித்தார்கள். இத்தனையும் சீனுவாசன் காதில் விழவில்லை. அவர் காதுக்குள்தான் எந்நேரமும் குபுக் குபுக்கென்று கேட்டுக்கொண்டிருந்ததே. அம்சாவும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி மாதத்துக்காகக் காத்திருந்தாள்.

ஏனென்றால் அந்தத் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்கு ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரிதான் தெரு முழுசுக்கும் கேப்பை மாவைக் கரைத்துப் புளிக்கவைக்க வேண்டும். கோயில் வாசலில் அண்டாவில் நொய்க் கஞ்சி கொதிக்கும்போது, வேப்பிலை கட்டிய குடத்தில் அந்தப் புளித்த மாவைச் சுமந்து வந்து முதலில் ஊற்றுகிறவளும் அவள்தான். அன்றைக்கு அவள் கையால் கூழ் வாங்கிக் குடிக்காத வீடு கிடையாது. கல்யாணமாகி வந்த நாளாக அம்சா காத்திருந்த முறை இந்த வருஷம்தான் வந்தது.

"அந்த வூட்டு மாவு சாமிக்கு ஆவுமா?" என்று கலைமதி கிளப்பிப் பார்த்தாள்.

கோயில் தலைவர் பெரியசாமி, "முறைன்னா முறைதான்" என்று அடக்கிவிட்டார். அடக்கிவிட்டு அம்சாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்து பண்ணும்மா, பேரு கெட்டுடப் போவுது" என்றார். கெடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய மண்பானையைக் கழுவிக் கவிழ்த்து, வாயில் கட்ட வெள்ளைத் துணியும் எடுத்துவைத்தாள். அங்கேதான் நம் ஆள் வந்து நின்றார்.

"பானை எதுக்கு? டிரம்மு இருக்குது."

"சாமி காரியத்துல வெளையாடாதீங்க."

"பானைல தூசி வுழும், பல்லி வுழும். ஒரு பக்கம் புளிக்கும், ஒரு பக்கம் புளிக்காது. டிரம்ம சுடுதண்ணி வுட்டு கழுவிட்டேன். காத்துகூட பூராது. நீயே சொல்லு, எது சுத்தம்?"

அம்சா அசையவில்லை. அவர் சும்மா இருந்திருக்கலாம். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அம்மன் கூழே என் டிரம்முலதான் புளிச்சிதுன்னா, அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

அது மட்டும் அம்சா மனதில் தைத்தது. டிரம்மிலிருந்து கூழ் வந்தால் அது கூழ் டிரம்தானே. ஒரே நாளில் தெரு வாயை மூடிவிடலாம். சரி என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாவைக் கெட்டியாகக் கரைத்து டிரம்மில் ஊற்றினார்கள். சாமி காரியமாயிற்றே என்று சீனுவாசன் போல்ட்டை இன்னொரு முறுக்குக் கூடுதலாகவே முறுக்கினார். சனிக்கிழமை பகல் முழுக்கக் குபுக் சத்தம் தெருவரை கேட்டது. சாயங்காலம் நின்றுவிட்டது.

"இன்னாங்க, சத்தத்தக் காணோம்?"

"அமைதியா புளிக்குது" என்றார் நிபுணர்.

அன்னாசித் தோல் தண்ணீருக்கும் கேப்பை மாவுக்கும் வித்தியாசம் உண்டு. மாவு பொங்கும். பொங்கிய மாவு டியூபுக்குள் ஏறி, அடைத்து, காய்ந்துபோயிருந்தது. குக்கரில் பருப்பு பொங்கி வெயிட்டை அடைக்கும் என்று தினம் பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிற மனுசனுக்கு, அது தன் டிரம்முக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போனால் டிரம் நிறைமாசக்காரி போல நின்றது. மூடி மேலே புடைத்திருந்தது. சீனுவாசன் ஸ்பேனரை மாட்டி முக்கினார். போல்ட் அசையவில்லை. கம்பியை டியூபில் விட்டுக் குத்தினார். கம்பி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

கோயிலில் பம்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மைக்கில் பெரியசாமி குரல் வந்தது. "நொய் கொதிச்சி ரெடியா இருக்குது. சீனுவாசன் வீட்டார் மாவைக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." கொஞ்ச நேரத்தில் அதே அறிவிப்பு, இன்னும் கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது அறிவிப்பு வருவதற்குள் மீதி மாவைச் சுமக்கக் குடமும் கையுமாகத் தெருப் பெண்கள் பாதிப்பேர் மாடியேறிவிட்டார்கள். முன்னால் கலைமதி. அவளுக்கும் முன்னால் ஏட்டு.

"யாரும் கிட்ட போவாதீங்க" என்றார் சுப்பராயலு. "இது வெடிச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்." சொல்லிவிட்டு அவரே கிட்டப் போய் மோந்து பார்த்தார். அத்தனை நாள் மதில் ஓரம் நின்ற ஆள், கிடைத்த வாய்ப்பை விடுவாரா?

"ஐஸ் கட்டி வாங்கியாந்து சுத்தி வச்சா காத்து அடங்கும்" என்றார் சீனுவாசன். "மத்தியானத்துக்குள்ள தொறந்துடலாம்."

"ஓட்ட போடுங்க" என்றாள் அம்சா.

"ஒரு வருஷ உழைப்பு, அம்சா. ஓட்ட போட்டா அப்புறம் அது டிரம்மே இல்ல."

அம்சா அவரை ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் 'ங்க' போய்விட்டது.

"யோவ். இந்தத் தெருவுல என்ன இன்னான்னு கூப்பிடுறாங்க தெரியுமா ஒனக்கு? சாராயக்காரன் பொண்டாட்டி. ஒரு வருஷமா. தண்ணி புடிக்கப் போனா கொடத்த நவுத்துறாங்கய்யா. நீ சொட்டு குடிச்சதில்ல, நா ஊருக்கே சாராயக்காரன் பொண்டாட்டி. இன்னிக்கி இந்தக் கொடம் ரொம்பலன்னா நா எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க இருப்பேன்?"

சீனுவாசன் "யாரு சொன்னது?" என்று கேட்க வாயெடுத்து, பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கீழே போய் டிரில்லை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஓட்டையை அடைத்தே பிழைத்தவர். ஒரு பாத்திரத்திலும் ஓட்டை போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு டிரம்மின் நடுவயிற்றில் டிரில்லை வைத்து அழுத்தினார்.

மாவு பீறிட்டுக்கொண்டு வந்தது. முதல் வீச்சு, மோந்து பார்க்கக் குனிந்திருந்த ஏட்டையாவின் மூஞ்சியிலும் வெள்ளைச் சட்டையிலும். அவர் ஐயோ என்று உட்கார்ந்தார். எல்லோரும் சிதறி ஓட, அம்சா மட்டும் ஓடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தைத் தூக்கி எதிரில் பிடித்தாள். மாவின் வேகத்தில் குடம் பின்னால் தள்ளியது. இவள் இடுப்பைக் கொடுத்து நின்றாள். குடம் நிரம்பியது. ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"நிக்கிறியே கலைமதி, கொடத்தக் குடு."

கலைமதி கொடுத்தாள். அப்புறம் அடுத்தவள். குடம் குடமாக வரிசை வந்தது. மொட்டை மாடி குழாயடி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

சுப்பராயலு மீசையில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"புளிப்பு பதமா இருக்குது" என்றார். "சாராயம் இல்ல." ஒரு வருஷ விசாரணை அத்தோடு முடிந்தது.

கூழ் கிண்டினார்கள், படைத்தார்கள், ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்துக்கொண்டு தெருவே உட்கார்ந்து குடித்தது. அண்டா பக்கத்தில் முழங்கைவரை கூழோடு நின்று அம்சா ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தூரத்திலிருந்து பார்த்த சீனுவாசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவள் தெருவில் நின்று சிரித்து எத்தனை நாளாயிற்று? ஒரு குபுக் விடாமல் எண்ணியவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கையிலிருந்த கூழை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்சா வந்தபோது மாடியில் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டிரில்லோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, ஓட்டைய அடைக்கப் போறீங்களா?"

"இல்ல. மேல இன்னொண்ணு பெருசா போடப் போறேன். காத்து தாராளமா போவட்டும். தூசி வுழாம துணி கட்டிக்கலாம்."

"துணி கட்டுனா பானைதான அது?"

"பானைக்கு நடுவுல ஓட்ட இல்லியே" என்றார், கௌரவத்தை விடாமல். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இப்போ வாசல்ல கலைமதி குரல் கேட்டுதே. இன்னாவாம்?"

அம்சா கையில் காய்ந்திருந்த கூழைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"அடுத்த வருஷம் அவங்க முறையாம். டிரம்முதான் கேட்டான்னு நெனைக்கிறேன். சரியா காதுல வுழல."

"பக்கத்துல நின்னு கேட்டது காதுல வுழலியா?"

"வாசல்ல நின்னு அம்சான்னு கூப்புட்டா அவ" என்றாள். கண்ணைத் துடைத்த கையிலிருந்து கன்னமெல்லாம் கூழ் அப்பிக்கொண்டது. "அதுக்கு மேல அவ இன்னா கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."