பச்சைத் தண்ணீர்

எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆள் என்பதால், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவருக்கு நண்பர்கள் சூட்டிய பெயர் அலாரம். படுக்கப்போகும் முன் கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்ப்பார். படுத்தபிறகு எழுந்துபோய் மறுபடியும் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் ஐந்து வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் கேட்கவேண்டுமா? காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத்தான் கொடுக்கவேண்டும், சாயங்காலம் மறுபடி கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் காலை வாரியது. கூலன்ட் டேங்கில் விரிசல். இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சைத் திரவம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வெளியூரில். கடையில் புது டேங்க் வாங்கிவந்து, அவரிடம் போனில் கேட்டுக் கேட்டுத் தானே மாற்ற இறங்கினார் அலாரம். இன்ஜின் ஆறிவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததிலேயே பாதிப் பகல் போயிற்று.

இடுக்கியால் கிளிப்பை நகர்த்தி ஹோஸைப் பிடுங்கியதும் மிச்சத் திரவம் வழிய ஆரம்பித்தது. பிடிக்கப் பாத்திரம் இல்லை. பின்சீட்டில் கிடந்த மகளின் தண்ணீர் பாட்டில்தான், யானைப் படம் போட்டது, கைக்கு எட்டியது. அதில் பிடித்து மூடியபிறகுதான் மெக்கானிக் சாவகாசமாகச் சொன்னார், அது விஷம், நாக்குக்கு இனிக்கும், குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று. அலாரம் பாட்டிலைக் கண்ணெதிரே வாசல்படியில் வைத்துக்கொண்டார்.

புது டேங்கைப் பொருத்தி, போல்ட்டை முறுக்கி, புதுக் கூலன்ட்டைக் கோடு வரை ஊற்றி நிமிர்ந்தால், படி காலியாக இருந்தது.

உள்ளே ஓடினார். "பாப்பாவுக்கு என்ன குடுத்தே?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ச்சின தண்ணி தீந்துபோச்சுங்க. தாகம்னு அழுதா. மனசு கேக்காம பச்சைத் தண்ணிதான் குடுத்தேன். ஒரு டம்ளர்தான்."

அலாரம் மகளிடம் பாய்ந்தார். குழந்தையை வாரித் தூக்கி வாயை முகர்ந்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கார் சாவியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. ஏன் பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, யானை பாட்டில், யானை பாட்டில் என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"எந்த பாட்டிலுங்க? குழாய்ல பிடிச்ச பச்சைத் தண்ணிதான்."

காய்ச்சாத தண்ணீரைப் பிறந்ததிலிருந்து அவரும் பச்சைத் தண்ணீர் என்றுதான் சொல்லிவந்திருக்கிறார். இன்றைக்கு மட்டும் அந்த வார்த்தையில் நிறம்தான் காதில் விழுந்தது. அப்படியும் மனம் நம்பவில்லை. வெளியே ஓடித் தேடினார். முன்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது பாட்டில், மூடி இறுகியபடி, துளி குறையாமல். யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று பயந்து நடுவில் அவரே ஒளித்துவைத்தது. பயத்தில் அதையும் மறந்திருந்தார்.

திரவத்தை ஒரு தகர டப்பாவுக்கு மாற்றி, மெக்கானிக்கிடம் கொடுக்க எடுத்துவைத்துவிட்டு, பாட்டிலைக் கத்தியால் இரண்டாக வெட்டினார். அதைப் பார்த்துவிட்ட மகள் ஊரைக் கூட்டினாள். யானை போச்சு, இனிமேல் அப்பாவோடு பேசவே மாட்டாளாம். சமாதானப்படுத்தப் போன மனைவியை அவர் தடுத்தார்.

"அழட்டும் விடு. எவ்வளவு தெம்பா அழறா பாரு."

காரில் ஏறியும் அவள் நிறுத்தவில்லை. டாக்டர் வீடு வரை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார் அலாரம். இன்ஜின் சூடு காட்டும் முள்ளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.