ஹெஸ்டர் பயந்த திசை

என் தம்பி ஆம்புரோஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கினான். அவன் மனைவி ஹெஸ்டர், எங்கள் வூஸ்டர் நகரப் பெண்கள் பலரையும் போலக் கையுறை தைப்பவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நான் அவர்களோடுதான் இருந்தேன்.

அறுபது வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்ட எங்கள் பழைய ராணி இறந்த பிறகு வந்த குளிர்காலத்தில், சனிக்கிழமை மதியங்களில் தேவாலயக் கூடத்தில் கணக்கு வாத்தியார் பிம் ஒரு வகுப்பு நடத்தினார். நீளம், அகலம், உயரம் தவிர நாலாவதாக ஒரு திசை உண்டாம். கூடத்தில் கணப்பு எரியும், தேநீரும் கிடைக்கும் என்று ஹெஸ்டரும் நானும் போனோம்.

பிம் காகிதத்தில் வெட்டிய ஒரு கையுறையை மேஜையில் வைத்தார். "இது இடக்கை. மேஜையிலேயே வச்சு எப்படித் தள்ளினாலும் வலக்கை ஆகாது. தூக்கிப் புரட்டிப் போட்டா?" புரட்டினார். "மேஜையில ஊர்ற எறும்புக்கு 'மேல'ன்னா என்னன்னே தெரியாது. நாமளும் அப்படித்தான். நமக்குத் தெரியாத ஒரு பக்கமாத் தூக்கிப் புரட்டினா, நிஜக் கையுறையே மாறிடும்."

"ஐயோ சார், எங்க முதலாளி காதுல போட்டுடாதீங்க. பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிடுவாரு!" என்றாள் ஹெஸ்டர். கூடமே சிரித்தது.

வண்ணம் பூசிய மரக்கட்டைகளைக் கொடுத்து, அவற்றின் முகங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். கண்ணை மூடி அடுக்கி அடுக்கிப் பழகினால் அந்தத் திசை மனத்தில் திறக்குமாம். எனக்குத் தலைவலிதான் வந்தது, விட்டுவிட்டேன். ஹெஸ்டர் தைத்துக்கொண்டே பழகினாள்.

வசந்தத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். ஒரு மதியம் ஊசியைக் கீழே போட்டுவிட்டு, பூட்டியிருந்த தேயிலைப் பெட்டியையே வெறித்துப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அது திறந்து கிடக்கு அக்கா."

"பூட்டித்தானே இருக்கு?"

"நமக்குப் பூட்டியிருக்கு. காகிதத்துல ஒரு கட்டம் போட்டா எறும்புக்கு அது நாலு சுவர். மேலயிருந்து பார்க்கிற நமக்கு உள்ள இருக்கிறது தெரியுதுல்ல? அந்த மாதிரி இதுவும் ஒரு பக்கம் திறந்து கிடக்கு." பிறகு மெதுவாகக் கையை வயிற்றில் வைத்தாள். "அப்ப இதுவும் திறந்துதானே கிடக்கு?"

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. எந்த அறைக்குள் போனாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டாள். கதவைச் சாத்தினாலும் அவளுக்குச் சாத்தியதாக இல்லை.

ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. எட்வின் என்று பெயர் வைத்தோம். குழந்தையின் இருமலைப் பார்க்க வந்த வைத்தியர் அவன் மார்பில் குழாயை வைத்தார், நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார்.

"இதயம் வலப்பக்கம் அடிக்குது. ஈரலும் இடம் மாறியிருக்கு. அபூர்வமா இப்படிப் பொறக்கிறதுண்டு. பயப்பட ஒண்ணுமில்ல."

ஹெஸ்டர் அலறினாள். "நான்தான் புரட்டிட்டேன்! நினைச்சு நினைச்சு நான்தான் புரட்டிட்டேன்!"

மறுநாள் காலை தொட்டில் அருகில் அந்தக் கட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன, நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன பண்றே?"

"திருப்பிப் போடுறேன். பேசாதீங்க அக்கா, கை நழுவிட்டா எங்க போய் விழுவானோ."

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவன் வீறிட்டு அழுத பிறகும் விடவில்லை.

ஆம்புரோஸ் போய்ப் பிம்மை இழுத்து வந்தான். "நீங்களே சொல்லுங்க சார், இவ பார்த்தது பொய்யின்னு."

வாத்தியார் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கணக்குதான் போடுவேன். அந்தத் திசையை ஒருநாளும் பார்த்ததில்ல. யாரும் பார்க்க முடியாதுன்னுதான் நினைச்சிருந்தேன்."

ஹெஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அங்க நான் மட்டும்தான் இருந்தேனா?"

கட்டைகளை அவரே எடுத்துப் போனார். அவள் பழையபடி தைக்கத் தொடங்க ஒரு வருடம் ஆயிற்று. எட்வின் திடமாக வளர்ந்து, அப்பாவைப் போலவே ரயிலில் வேலைக்குச் சேர்ந்தான். "எங்கம்மா என்னை உள்பாவாடை மாதிரி புரட்டிப் பெத்துட்டா" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். ஹெஸ்டர் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஒருமுறை அவளிடம் கேட்டேன். "அந்தத் திசை இன்னும் உனக்குத் தெரியுதா?"

"பார்க்கிறதில்ல அக்கா" என்றாள். "ரோட்டைக் கடக்கும்போது இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. மூணாவதா ஒரு பக்கம் கழுத்து தானாத் திரும்பப் போகும். பிடிச்சு நிறுத்திக்கிறேன்."