புளியந்தடியும் எங்கள் வாள்பட்டறையும்

வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் லேப் டாக்டர், சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, வாள்பட்டறை வைக்கப்போகிறேன் என்றேன். கையிலிருந்த ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார்.

"கடைசியா எப்பம்மா பிரஷர் பார்த்தீங்க?" என்றார்.

அவர் சென்னைக்காரர். மரம் அறுக்கிற மில்லைத்தான் எங்கள் பக்கம் வாள்பட்டறை என்போம். அவர் கத்தியும் கேடயமும் செய்கிற இடம் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொன்னேன். அப்புறமும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஊசி பிடித்த கை மரம் அறுக்குமா என்றார். மரத்துக்கு நரம்பு தேட வேண்டியதில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தேனியில் அந்த ரத்தப் பரிசோதனை லேப்பில்தான் என் இளவயது முழுக்கப் போனது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பிறகு ஒரு மெஷின் வந்தது. குழாயை உள்ளே வைத்தால் அதுவே எண்ணி, அதுவே காகிதத்தைத் துப்பியது. குழாயை வைப்பதும் எடுப்பதும் மட்டும் என் வேலையானது. வீட்டில் மாவு அரைக்கும்போதுகூட கிரைண்டரோடு சண்டை போட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அனுமந்தன்பட்டி தாண்டி ரோட்டோரத்தில் மாமனார் வைத்திருந்த பழைய நெல் அரவை ஷெட் எங்கள் பங்குக்கு வந்தது. கூரை நன்றாக இருந்தது, த்ரீ பேஸ் லைன் இருந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கம்பம் வரைக்கும் ஆளாளுக்கு வீடு கட்டுகிறார்கள், நிலைக்கும் ஜன்னலுக்கும் மரம் அறுக்க இடமில்லாமல் அலைகிறார்கள் என்று அவர்தான் யோசனையை எடுத்துவிட்டார். போடியில் மூடிக் கிடந்த ஒரு மில்லிலிருந்து பேண்ட்சா மெஷினை வாங்கி வந்தோம். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சக்கரம், தரைக்குக் கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற நீளமான ரம்பப் பட்டை. அதை ஓட்ட குமுளியிலிருந்து ஒரு ஆபரேட்டர் வந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். என்னை சேச்சி என்பார். லைசென்ஸுக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். கேட்பவர்களுக்கும் கால் வலிக்கும்.

முதல் ஆர்டர் நிலையும் இல்லை, ஜன்னலும் இல்லை. கம்பத்தில் கறிக்கடை வைத்திருப்பவர் வந்து, கறி வெட்டுகிற கட்டைகள் வேண்டும் என்றார். அதற்குப் புளியமரம்தான் வேண்டும். வேறு மரம் என்றால் சிலும்பு கறியில் ஒட்டும். ரோட்டை அகலப்படுத்துவதற்காக அப்போதுதான் வரிசையாகப் புளியமரங்களை வெட்டியிருந்தார்கள். சுருளிப்பட்டிப் பக்கத்து வளைவில் நின்ற பெரிய மரத்தின் அடித்தடியை மரக்காண்ட்ராக்டரிடம் வாங்கினோம். லாரியிலிருந்து அதை இறக்கும்போது என் வீட்டுக்காரர் கழுத்தில் விசிலோடு முன்னால் நின்று, அணிவகுப்புக்குக் கை காட்டுவது மாதிரி காட்டினார். தடி அவர் பேச்சைக் கேட்டு ஒழுங்காக இறங்கியது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மெஷினை ஓட்டினோம். ரம்பப் பட்டை தடிக்குள் ஒரு முழம்கூடப் போயிருக்காது. இரும்பு கிறீச்சிடுகிற சத்தம், அடுத்து ஒரு வெடி. பட்டை அறுந்து கூரையில் அடித்துக் கீழே சுருண்டு விழுந்தது. யார் மேலும் படவில்லை. என் வீட்டுக்காரர் நீளமாக ஒரு விசில் ஊதினார். ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாராம்.

உளி வைத்துக் கொத்திப் பார்த்தால் உள்ளே ஒரு ஆணி. துருப்பிடித்து மரத்தோடு மரமாகிப்போயிருந்தது. அதன் தலையைச் சுற்றிக் கறுப்பாக நார்போல ஏதோ சுருண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். முடி. லேப்பில் இருந்தவளுக்கு முடி தெரியாதா?

"சேச்சி," என்றார் ஆபரேட்டர், பின்னால் நகர்ந்துகொண்டே. "எனிக்கு பயமொன்னும் இல்லா. பக்ஷே நான் ஊருக்குப் போய் நாளை வரும்."

எங்கள் பக்கத்தில் யாருக்காவது பேய் பிடித்தால் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். அவர் உடுக்கடித்து, பேயைப் பேசவைத்து, கடைசியில் உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்து ஊர் எல்லைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார். பேய் அங்கேயே நின்றுவிடும். மரம் வளர வளர ஆணி உள்ளே போய்விடும். நாங்கள் வாங்கி வந்தது அப்படிப்பட்ட மரம். தடியைச் செதுக்கச் செதுக்க ஆணி வந்துகொண்டே இருந்தது. பழக்கதோஷம், லேப்பிலிருந்து கொண்டுவந்த சாம்பிள் டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் போட்டு மூடி, தேதி ஒட்டி, ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன்.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறக்கப் போனால் வாசலில் பெண்கள் கூட்டம். சேதி ராத்திரியே பரவி, சுருளிப்பட்டிப் பக்கமிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். முன்னால் நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை.

"ஏத்தா, ஆணியெல்லாம் புடுங்கிட்டீகளாமே. அதுல என்னோடது எது?"

பொய் சொல்ல வரவில்லை. டப்பாக்களைக் காட்டினேன். அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

"இது ஏதுடி இம்புட்டுச் சின்ன ஆணி? இது ஒன்னோடதாத்தான் இருக்கும்."

"யாரோடது? என்னையப் புடிச்சது கெணத்துல விழுந்த பேயி. அதுக்கு லாடம் மாதிரி ஆணி அடிச்சாக. எங்க அப்பா கொல்லம்பட்டறையில சொல்லிச் செஞ்சாக."

"ஆமா, ஒங்கப்பா செஞ்சாரு. என்னைய விரட்ட கோடாங்கி மூணு பேரு வந்தாக, தெரியும்ல?"

ஆணியின் அளவை வைத்துப் பேயின் அளவையும், பேயின் அளவை வைத்து ஆளின் மதிப்பையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆணி ஒன்றுக்கு இருவர் உரிமை கொண்டாடினார்கள். குட்டி ஆணியை யாரும் தொடவில்லை. நான் டீ வாங்கிவரச் சொன்னேன். சாம்பிள் டப்பாவை ஒரு கையிலும் டீ கிளாஸை இன்னொரு கையிலும் பிடித்தபடி அத்தனை பேரும் மரத்தூள் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒயர் கூடைக்காரம்மாள் மட்டும் தன் ஆணியைச் சத்தமில்லாமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். திரும்ப எங்கே அடிப்பது என்று எல்லோரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என் காதருகில் வந்தார்.

"எனக்குத் திருப்பி அடிக்க வேணாம்த்தா."

"பயமா இல்லையா?"

"என்ன பயம்? கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆத்தா வீட்டுக்கு அனுப்பல. வாயத் தெறந்து கேட்டா அடி. பெறகு அது வந்துச்சு. வந்ததும் அது கேட்டுச்சு, 'என்னைய ஆத்தா வீட்டுக்கு அனுப்பு'ன்னு. அம்புட்டுத்தான், மறுநாளே அனுப்புனாக. 'ரத்தப் பொரியல் குடு'ன்னுச்சு, குடுத்தாக. மாமியா என்னையக் கும்பிட்டா. ஆணி அடிச்சு அதை எறக்குன அன்னைக்கே மாட்டுச்சாணி அள்ள விட்டுட்டாக." முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அது இருந்த வரைக்கும் எனக்கு அந்த வீட்டுல ஒரு மருவாதி இருந்துச்சு."

எத்தனை பெண்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்திருப்பேன்? 'களைப்பா இருக்கு' என்பார்கள். ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை என்று டாக்டர் எழுதுவார். என் முந்தைய உத்தியோகத்தைப் பற்றி எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

மத்தியானம் அந்தம்மாளுடைய வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டரே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எப்பிடியாச்சும் திருப்பி அடிச்சுருங்க. சேதி வந்ததுலருந்து அவ என்னையப் பாத்துச் சிரிக்கிறா."

ஆணி அடிக்க மரம் வேண்டுமே. கோடாங்கியை வரவழைத்தோம். முப்பது வயதுப் பையன். சட்டைப்பையில் இரண்டு செல்போன். அவருடைய தாத்தா அடித்த ஆணிகள்தான் பாதி. டப்பாக்களைப் பார்த்துவிட்டு, பேக்கிங் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் உயிரோடு நிற்கும் புளியமரத்தில்தான் அடிக்கவேண்டும் என்றார். ரோட்டில் ஒரு மரம் பாக்கியில்லை. மிச்சமிருந்த ஒன்று ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸ் வளாகத்துக்குள் நின்றது. அங்கே என்னவென்று சொல்லி அனுமதி கேட்பது?

"இந்தத் தடியிலேயே அடிச்சா ஆகாதா?" என்றேன்.

அவர் தடியைச் சுற்றி வந்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார். தீர்ப்புச் சொல்வது மாதிரி சொன்னார்:

"நின்னா மரம். படுத்தா தடி."

அப்படியென்றால் நிறுத்திவிட்டால்? யோசித்தார். ஒரு போனை எடுத்து யாரிடமோ பேசினார். நிறுத்தினால் மரம்தான் என்று முடிவானது.

தடியின் மேல்பாதி சுத்தமாக இருந்தது. கறிக்கடைக்காரருக்கு வேண்டிய கட்டைகளுக்காக அதை மரக்காண்ட்ராக்டரின் செயின் ரம்பத்தால் துண்டித்துத் தனியே வைத்துக்கொண்டோம். ஆணியிருந்த அடிப்பாதியை ஷெட்டுக்கு முன்னால் குழிதோண்டி நட ஜேசிபி வந்தது. வீட்டுக்காரர் விசில் ஊதினார், ஜேசிபிக்காரர் ஹாரன் அடித்தார், கோடாங்கி உடுக்கடித்தார். தடி மெல்ல எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து நின்றது. ரோட்டில் போன பஸ் நின்று, சனங்கள் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். எதைக் கும்பிடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. ஆணிகளை எல்லாம் திரும்ப அடித்து முடித்தபோது ஆபரேட்டர் குமுளியிலிருந்து திரும்பி வந்திருந்தார். நிற்கிற தடியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் புதுப் பட்டையை மாட்ட ஆரம்பித்தார்.

ஒயர் கூடைக்காரம்மாளின் ஆணி மட்டும் அடிக்கப்படவில்லை. அது எங்கே என்று கோடாங்கி கேட்டார். அந்தம்மாள் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கோடாங்கி அடுத்த டப்பாவைக் கேட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு தொழில் படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். கறிக்கடைக்காரர் முதலில் பயந்தார். ஆனால் கட்டை எந்த மரத்தில் அறுத்தது என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, அவர் கடையில் எடை குறைகிறது என்று எவரும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த கடைக்காரரும் அதே மரத்தில் கட்டை கேட்டு வந்தார். பட்டறைக்கு எங்கள் குலசாமி பெயரை வைத்து போர்டு மாட்டியிருந்தோம். அதை யாரும் படிக்கவில்லை. மினி பஸ் கண்டக்டர், "பேய்மரம்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பட்டை அறுந்தால் தாங்காது என்று, ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி தடவிப் பார்க்கிற மாதிரி கை டிடெக்டர் ஒன்று வாங்கினேன். வருகிற தடியையெல்லாம் அதை வைத்துத் தடவுவேன். இரும்பு இருந்தால் கத்தும். ஒருநாள் தேக்குத்தடி கொண்டுவந்த விவசாயி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார்.

"என்னம்மா, இதுல இருக்கா?"

"இல்லைய்யா, சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எங்க பெரியப்பா சாவுல ஒரு சந்தேகம் இருக்கு."

இரும்பைத்தான் காட்டும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டாவது தடவையும் தடவிக் காட்டிய பிறகுதான் அறுக்க விட்டார். லேப்பிலும் இப்படித்தான், ஒன்றுமில்லை என்று ரிசல்ட் கொடுத்தால் யாருக்கும் திருப்தியிருக்காது.

ஒயர் கூடைக்காரம்மாள் ஒரு மாதம் கழித்து வந்தார். இந்தத் தடவை ஆத்தா வீட்டிலிருந்து நேராக வருவதாகச் சொன்னார். அவருடைய ஆத்தாளுக்கு எண்பது வயதுக்கு மேல். பத்து நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறார், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பேச்சோடு பேச்சாக, சிதறிக்கிடந்த சட்டங்களை எடுத்து அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினார். அடுத்த நாளும் வந்தார். இப்போது பட்டறையில் சரக்கை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

போன வாரம் ஒரு லாரி டிரைவர், தடியை ரோட்டிலேயே தள்ளிவிட்டுப் போவேன், உள்ளே வரமாட்டேன் என்று என்னிடம் குரலை உயர்த்தினார். நான் பதில் சொல்வதற்குள் அந்தம்மாள் நடுவில் வந்து நின்றார். கொண்டையை மட்டும் அவிழ்த்து, முடியை ஒரு உதறு உதறி, மறுபடி முடிந்துகொண்டார்.

"எங்கன எறக்கணும் ஆத்தா?" என்றார் டிரைவர்.

"அங்கன," என்றார் அந்தம்மாள்.